பழைய காருக்கு இன்ஜெக்ஷன்: மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் மாட்டிவிடலாமா? மாட்டியவர் "சாவியைத் திருப்பினா போதும்" என்பார். மாட்டாதவர் "ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்" என்பார். இரண்டு பேரும் தங்களுக்கு வசதியான பாதியைத்தான் சொல்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: இந்தப் போட்டியே நியாயமாக நடப்பதில்லை. முப்பது நாற்பது வருஷம் உழைத்துத் தேய்ந்த கார்புரேட்டரை ஒரு பக்கமும், இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த இன்ஜெக்ஷன் கிட்டை இன்னொரு பக்கமும் நிறுத்திவிட்டு, யார் ஜெயிப்பார் என்று கேட்கிறோம்.

கார்புரேட்டரில் மந்திரம் ஒன்றும் இல்லை. குறுகலான தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த இறக்கம் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் அதை உத்தேசமாகப் பிடிக்கும். இன்ஜெக்ஷன், புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும். மலை ஏறினால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1000 மீட்டர் உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைகிறது, ஆனால் ஜெட்டின் துளை அதேதான். கலவை ரிச் ஆகி, அதாவது காற்றுக்கு மீறிப் பெட்ரோல் சேர்ந்து, வண்டி திணறும். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக் கெஞ்சுகிற வேலையும் இன்ஜெக்ஷனில் இல்லை. இதையெல்லாம் மறுக்கவே முடியாது.

"எலக்ட்ரானிக்ஸ் பழைய வண்டிக்கு ஒத்துவராது" என்கிற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். 1954-லேயே மெர்சிடிஸ் 300 எஸ்எல் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனோடு வந்துவிட்டது. போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் ஏறியது. கார்புரேட்டர் வண்டி ஓட்ட லாயக்கில்லாமல் போய்விடவில்லை. புகைக் கட்டுப்பாடு இறுகியது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குக் கலவை துல்லியமாக வேண்டியிருந்தது, அதனால் ஓரங்கட்டப்பட்டது.

அதனால் முதலில் இருப்பதைப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரை எடுங்கள், கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்க்கைக் கையால் தள்ளுங்கள். தள்ளிய மாத்திரத்தில் பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ, மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதைப் பீய்ச்சுகிற, கார்புரேட்டரிலேயே இருக்கும் சின்ன பம்ப்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் காய்ந்த பழுப்புப் பிசினும் அடியில் துருப்பொடியும் இருக்கும். காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது என்று அர்த்தம், கலவை ஸ்க்ரூவை எத்தனை தரம் திருகினாலும் ஐடிலிங் ஒரே சீராக நிற்காது. கையோடு தீப்பொறி பக்கத்தில் பாயிண்ட் கேப், டைமிங், காயில் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் செய்த தப்புக்குக் கார்புரேட்டர் அடி வாங்குவது அன்றாடம் நடக்கிறது.

இன்ஜெக்ஷன் என்ன கேட்கும் என்பதைக் கிட் விற்பவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் பொதுவாக 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். இன்ஜெக்ஷனுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 வரை வேண்டும். அப்படியென்றால் மின்சார பம்ப், முடிந்தால் டேங்குக்குள்ளேயே. பெரும்பாலான கிட்டுகளுக்கு, மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைனும் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் புது ஹோஸ், அதற்கேற்ற கிளாம்ப். பழைய ரப்பர் ஹோஸையே மாட்டி, அது சூடான எக்ஸாஸ்ட் மேலே வெடித்தால் நடப்பதை விவரிக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை வேறு அரிக்கும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கிற மாதிரி ரிலே கட்டாயம். டைனமோ உள்ள வண்டியில் ஐடிலிங்கில் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் குழம்பும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் சின்ன லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். திட்டு மட்டும் கிட்டுக்கு.

இன்னொன்று. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி வகையில், பெட்ரோல் பழையபடி, சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு குழாய் முழுக்கப் பயணம் செய்துதான் சிலிண்டருக்குப் போகிறது. நன்றாக ட்யூன் செய்த கார்புரேட்டரைவிட மைலேஜ் பிரமாதமாக ஏறும் என்று கனவு காணாதீர்கள்.

தினமும் ஓட்டுகிறீர்கள், மலைப்பாதை, குளிர், வீட்டில் வேறு ஆளும் அதை எடுப்பார் என்றால் இன்ஜெக்ஷனுக்கே என் ஓட்டு. ஆனால் டேங்கிலிருந்து தொடங்குங்கள். துருப்பிடித்த டேங்கை வைத்துக்கொண்டு மேலே மட்டும் புதுசு மாட்டுவதற்குப் பேசாமல் இருக்கலாம். விடுமுறைக்கு விடுமுறை மட்டும் வெளியே எடுக்கிற வண்டி, கையில் கிரீஸ் படுவதில் உங்களுக்கும் கொஞ்சம் ஆசை உண்டு என்றால், கார்புரேட்டரை ஒழுங்காக ஓவர்ஹால் செய்யுங்கள். புது ஷாஃப்ட் புஷ், கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு, கேஸ்கெட் போட்டபிறகு முடிவெடுங்கள். கார்புரேட்டர் சாவதற்கு முன் பல நாள் இருமிக் காட்டும். இன்ஜெக்ஷன் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இருபது வருஷம் கழித்து அந்தக் கிட்டின் கம்ப்யூட்டர் பெட்டி செத்தால், செய்த கம்பெனி அன்றைக்கு இருக்குமா என்பதும் கேள்விதான்.

மாற்றுவதென்றே முடிவெடுத்தவர்கள் எதையும் வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள். கழற்றிய கார்புரேட்டர், லிங்க், ஏர் கிளீனர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். வைப்பதற்கு முன் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலை மறக்காமல் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நீடில் ஒட்டிக்கொள்ளும்.