மோடம் ஒலியும் மறையாக்கமும்: ஒரு சிறு திருத்தம்

கணினித் தகவலை ஒலியாக்கித் தொலைபேசி வழியே அனுப்பும் கருவிதான் மோடம். ‘பழைய 300 பாட் (நொடிக்கு 300 குறிகள்) மோடத்தின் ஒலிப்பதிவு முழுக்க மறையாக்கம் (ரகசியக் குறியீடாக மாற்றுவது) செய்யப்பட்டது, அதே மோடம் இல்லாமல் படிக்கவே முடியாது’ என்று ஒரு கருத்து உண்டு. இதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் கீச்சொலி பூட்டு அல்ல, வெறும் பண்பேற்றம்தான், அதாவது 0, 1 இரண்டையும் வெவ்வேறு ஒலிகளாக மாற்றுவது. பெல் 103 என்ற பழைய மோடம் முறையில் அழைக்கும் பக்கம் 1270 ஹெர்ட்ஸ் என்றால் 1, 1070 ஹெர்ட்ஸ் என்றால் 0. பதில் தரும் பக்கம் 2225, 2025. அவ்வளவுதான் ரகசியம்.

நீங்களே பார்க்கலாம். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த நிரலில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படம்) காட்சிக்கு மாற்றுங்கள். இரண்டு கோடுகள் மாறி மாறி வரும், அவற்றின் அதிர்வெண்ணைப் படித்தால் எந்த முறை என்று தெரிந்துவிடும் (980, 1180 என்றால் அது வி.21 என்ற இன்னொரு முறை). மிகக் குறுகிய துண்டு சுமார் 3.3 மில்லிநொடி இருந்தால் வேகம் 300 பாட். அப்புறம் கையாலேயே படிக்கலாம்: தொடக்க பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) 0, பிறகு எழுத்துக்கான 0, 1 வரிசை கடைசி பிட்டிலிருந்து தலைகீழாக, முடிவில் 1. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ 0 10000010 1 என்று வரும். கண் வலித்தால் மினிமோடம் என்ற இலவச நிரலிடம் கொடுங்கள், நொடியில் எழுத்தாக்கிவிடும். குப்பை வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு 7 பிட்டா 8 பிட்டா என்ற குழப்பம்தான்.

33.6 கிலோபிட் மோடம்களின் இரைச்சலைப் பதிவிலிருந்து பிரிப்பது நிஜமாகவே கடினம், சரி. ஆனால் அங்கும் காரணம் மறையாக்கம் இல்லை. இரு பக்கமும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவதுதான்.