எங்கள் ஊர்ப் பந்தயத்தை விழுங்கிய காப்புறுதிக் கட்டணம்

காவல்துறை சம்மதித்தது. மாவட்ட மன்றம் சாலையை மூடித் தர ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் இந்த ஆண்டு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான பகாவில் கப்சாய் என்னும் சிறிய இன்ஜின் மோட்டார் சைக்கிள்களின் பந்தயம் நடக்கவில்லை என்றால், அதற்குக் காப்புறுதிக் கட்டணம் ஒன்றுதான் காரணம். ஏற்பாட்டுக் குழுவில் சண்டை, வசூல் பணம் எங்கோ போய்விட்டது என்றெல்லாம் ஒட்டுக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். குழுவில் இருந்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். படித்த பிறகு யார் மீது கோபப்படலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வண்டி ஓட்டும் பையன் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அதற்குத் தனி விபத்துக் காப்புறுதி இருக்கிறது. அதை எப்படியாவது கட்டிவிடலாம். எங்களை மலைக்க வைத்தது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. வண்டி தடம் மாறிப் பாய்ந்து வேடிக்கை பார்க்கும் பாட்டி மீது மோதினால், கடைக்காரரின் கண்ணாடியை நொறுக்கினால் நட்ட ஈட்டைத் தருவது அதுதான். அந்தப் பத்திரம் இல்லாமல் சாலையை மூட எந்த அலுவலகமும் கையெழுத்திடாது, இடவும் கூடாது. ஆண்டுதோறும் சாலை வரியோடு சேர்த்து நாம் புதுப்பிக்கும் மோட்டார் சைக்கிள் காப்புறுதி இதற்கு உதவாது. வீட்டில் இருக்கும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று விலக்குப் பட்டியலில் எழுதியிருப்பார்கள்.

இந்த முறை வந்த விலைக் கடிதத்தில் முன்பு கட்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை இருந்தது. எங்கள் பந்தயத்தால் இதுவரை ஒரு நட்ட ஈட்டுக் கோரிக்கைகூட எழுந்ததில்லை. அதைச் சொல்லிப் பேரம் பேசப் போனோம். காப்புறுதி நிறுவன அதிகாரி முகம் சுளிக்காமல் விளக்கினார். இந்த வகைப் பத்திரம் எழுத முன்வரும் நிறுவனங்களே மிகச் சில. அவற்றுக்கும் மேலே மறுகாப்புறுதி, அதாவது அந்த நிறுவனங்களுக்கே காப்புறுதி, தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும். எங்களைப் போன்ற குழுக்கள் நாடு முழுவதும் சேர்ந்து கட்டும் பணமே சொற்பம் என்பதால், ஒரே ஒரு பெரிய வழக்கு பல ஆண்டு வரவைத் துடைத்துக்கொண்டு போய்விடும். தீபகற்ப மலேசியாவில் காயம்பட்டவர் வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. ஆக, ஞாயிற்றுக்கிழமை மாலை பந்தயம் முடிந்து நாங்கள் சாலையைக் கூட்டிப் பெருக்கினாலும் அவர்களுடைய கணக்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் வரவு எங்கிருந்து வருகிறது? நுழைவுக் கட்டணம், கடைக்காரர்களின் நன்கொடை, மைதானத்து ஓரத்துத் தற்காலிகக் கடைகளின் வாடகை. ஆம்புலன்ஸ், மருத்துவர், தடுப்பு வேலி, மேடை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு பத்திரமே பாதிக்கு மேல் கேட்டால் எதை வெட்டுவது? வேலியையா, மருத்துவரையா? அவற்றை வெட்டி நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பதே நேர்மை என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

நம் ஊரோடு நிற்கிற பிரச்சினை அல்ல இது. சாலைப் பந்தயத்தின் தாய்வீடு என்று சொல்லத்தக்க வட அயர்லாந்திலேயே 2023 பிப்ரவரியில் அந்த ஆண்டின் பந்தயங்கள் அத்தனையும் ரத்து என்று அறிவித்தார்கள். 1929இல் தொடங்கிய 'நார்த் வெஸ்ட் 200' உட்பட எல்லாம். முந்தைய ஆண்டு சுமார் 1,70,000 பவுண்டாக இருந்த பொதுப் பொறுப்புக் காப்புறுதி 4,10,000 பவுண்டைத் தாண்டியதுதான் காரணம். ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டினார்கள், பேச்சுவார்த்தை தொடர்ந்தது, சில வாரங்களில் புதிய ஏற்பாடு கிடைத்து முடிவு மாறியது, மே மாதம் நார்த் வெஸ்ட் 200 நடந்தேவிட்டது. உலகப் புகழ் பெற்ற பந்தயத்துக்கு அந்தக் கூட்டமும் குரலும் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் மான் தீவில் 1907 முதல் நடந்துவரும் 'டிடி' பந்தயத்துக்குத் தீவின் அரசாங்கமே உரிமையாளர். எங்களைப் போன்ற சின்ன ஊர்க் குழுவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

"இந்தப் பந்தயம் யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓர் அண்ணன், நான் மதிக்கும் மனிதர், நேரிலேயே சொன்னார்: "தம்பி, நின்றது நல்லதுக்குத்தான். நம் பிள்ளைகள் படிக்கட்டும். மோட்டார் ஓட்டிச் சாக வேண்டாம்."

அண்ணனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். சாவு பயம் எனக்கும் இருக்கிறது. வட அயர்லாந்தில் பாலிமணி என்ற சின்ன ஊரிலிருந்து வந்து மான் தீவில் 26 முறை வென்ற ஜோய் டன்லப் 2000ஆம் ஆண்டு எஸ்டோனியாவில் பந்தயத்திலேயே இறந்தார். தம்பி ராபர்ட் 2008இல் நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் இறந்தார். ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018இல். ஒரே குடும்பத்தில் மூவர். இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். ஆனால் அவர்கள் ஓட்டியது மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும் வண்டிகள். நம் ஊரில் ஓடுவது கப்சாய். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கும்படி தடம் போடுகிறோம். விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பழைய டயர்களை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் ரப்பர் பட்டை சுற்றுகிறோம். மக்கள் நிற்கும் இடத்துக்கும் தடத்துக்கும் நடுவே இரண்டு வரிசை வேலி. வண்டியைச் சோதிக்காமல், தலைக்கவசத்தின் வார் இறுகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்காமல் ஒருவனையும் தடத்துக்குள் விடுவதில்லை.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் என் மோட்டார் கடைக்கு வந்து பார்த்திருந்தால் அண்ணனுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தேறாதவன் என்று பெயரெடுத்த பையன் ஒருவன், ஓட்டிவிட்டு வந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. கார்புரேட்டரைத் திறந்து பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை மாற்றுவான், நோட்டில் அதன் எண்ணைக் குறித்துக்கொள்வான், மறுபடி ஓட்டுவான். காற்றில் ஈரம் கூடினால் எண் மாறும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். இதற்குப் பெயர் படிப்பு இல்லையென்றால் வேறென்ன? 1994இல் தொடங்கிய, கப்சாய்களுக்கான மலேசியக் கப் பிரி பந்தயம் பல ஊர்களில் இப்படி மூடிய சாலைகளில் ஓடித்தான் வளர்ந்தது. 2018இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோ ஜிபி வரை போன ஹபீஸ் ஷாரின் அந்தப் பள்ளியில் தேறியவர். 2016இல் அர்ஜென்டினாவில் அதே உலகத் தொடரின் சிறிய இன்ஜின் பிரிவான மோட்டோ 3 பந்தயத்தை வென்ற கைருல் இடாம் பாவியும் அப்படித்தான்.

பந்தயம் நின்ற பிறகு அந்தப் பையன்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார்களா? செம்பனைத் தோட்டத்து நேர்சாலையில் இரவு பதினொரு மணிக்கு மேல் யார் கூடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் வீடு இருப்பவர்களைக் கேளுங்கள். விளக்கில்லை, வேலியில்லை, ஆம்புலன்ஸ் இல்லை. குலை ஏற்றிய லாரி எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் அந்த வண்டிகள் என் கடைக்குத்தான் வருகின்றன. முன் ஃபோர்க் வளைந்து, சக்கரம் இன்ஜினில் இடித்துக்கொண்டு, கைப்பிடியில் காய்ந்த இரத்தத்தோடு. "நாய் குறுக்கே வந்தது அண்ணே" என்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. வளைந்த ஃபோர்க்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்த இருட்டுச் சாலையில் வேறொரு குடும்பத்தின் மீது மோதினால் காப்புறுதியின் விலக்கு விதியைக் காட்டி இழுபறி நடக்கும், கடைசியில் அழப்போவது இரண்டு தாய்மார்கள். கட்டணம் ஏறியதால் ஆபத்து குறைந்துவிட்டது என்று எவரும் என்னிடம் சொல்லாதீர்கள். பத்திரம் இருந்த இடத்திலிருந்து பத்திரமே இல்லாத இடத்துக்கு அது நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வழி இல்லாமல் இல்லை. பழைய லாரி, பஸ், டாக்சி போன்றவற்றுக்கு எந்த நிறுவனமும் காப்புறுதி தர முன்வராத நிலை ஒரு காலத்தில் இந்த நாட்டில் இருந்தது. அப்போது அரசாங்கம் கையை விரிக்கவில்லை. 1992இல் பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதியத்தை உருவாக்கியது. தனியாக ஒருவர் சுமக்க அஞ்சியதை எல்லாரும் பங்கு போட்டுச் சுமந்தார்கள். இதையே சின்ன ஊர்ப் பந்தயங்களுக்கும் செய்ய முடியாதா? தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்பின் பெயரில் நாடு முழுவதற்கும் ஒரே மூலப் பத்திரம். அதில் ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் பந்தயத்தின் அளவுக்கும் வண்டியின் திறனுக்கும் ஏற்பப் பங்கு கட்டும். வேலி, மருத்துவர், பார்வையாளர் தூரம் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் சோதிக்கட்டும். தேறாத ஊருக்குப் பந்தயம் வேண்டாம், எங்கள் ஊரே ஆனாலும் வேண்டாம். பல ஆண்டுகளாக விபத்தின்றி நடத்தியவர்களுக்கு, கார் வைத்திருப்பவர்களுக்குக் கிடைப்பதுபோல், கோரிக்கை இல்லாத ஆண்டுக்குக் கழிவு கொடுக்கட்டும். முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு பகுதியை மாநில அரசு ஏற்கட்டும். இரவில் சாலைத் தடுப்புப் போட்டு வண்டிகளைப் பறிமுதல் செய்யவும் அரசாங்கத்துக்குச் செலவாகத்தானே செய்கிறது?

இதைக் கேட்டு மாநில முதல்வரான மந்திரி பெசாருக்கும் இளைஞர் விளையாட்டு அமைச்சுக்கும் மகஜர் எழுதி முடித்திருக்கிறோம். பகாவ், ரொம்பின், சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்கள் கையெழுத்திட என் கடைக்கு வரலாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். பந்தயத்தில் ஓடிய பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் வரவேண்டும். மற்ற ஊர்களில் இதே காரணத்தால் பந்தயத்தை நிறுத்திய குழுக்கள் இருந்தால், உங்களுக்கு வந்த விலைக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் மகஜருடன் சேர்த்தே கொடுக்கப்போகிறோம்.