ஆட்டோ ஓட்டியவர் மேயரான பிறகு

2022 மார்ச் 4 அன்று கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராகப் பொறுப்பேற்ற கே. சரவணன், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதே ஊரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, 10ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வாடகை வீட்டில் குடும்பம் நடத்திவந்த ஒருவர் மேயர் அங்கி அணிந்ததை ஊடகங்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் உழைத்துப் பிழைக்கும் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்த பிறகு எதை வைத்துக் குடும்பத்தை நடத்துவார் என்ற கேள்வியை நாம் அன்று போதிய அளவு கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆட்டோ ஓட்டுநருக்கு வண்டி ஓடினால்தான் வருமானம். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் ரயிலடிச் சவாரி, மாலையில் கோயிலுக்கு வருவோர் என்று ஓடும் ஒருவர், மன்றக் கூட்டம், ஆய்வு, மனு வாங்குதல், திறப்பு விழா என்று பகல் முழுவதையும் ஊருக்குக் கொடுத்துவிட்டால் சவாரி நின்றுவிடும். வண்டியின் தவணையும் இன்சூரன்ஸும் எஃப்சி எனப்படும் தகுதிச் சான்றுக்கான செலவும் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் மேயர்களுக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயர்களுக்கு 15,000, மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்களுக்கு 10,000 என்று மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது 2023 ஜூலையில்தான். அதுவரை கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் அமர்வுப்படியை நம்பித்தான் இருக்க வேண்டும். நிலபுலனும் ஒப்பந்தத் தொழிலும் உள்ளவருக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. அன்றாடங்காய்ச்சிக்கு அதுதான் வீட்டு வாடகை. உரிய ஊதியம் கொடுக்காமல் ஏழையை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவர் நேர்மையாகவும் இருக்க வேண்டும், முழு நேரமும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அவர் மேயரான வழியையும் பார்க்க வேண்டும். 48 வார்டுகள் கொண்ட அந்த மாமன்றத்தில் அவருடைய கட்சியான காங்கிரஸுக்கு இரண்டே உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் அப்போது இருந்த 21 மாநகராட்சிகளில் 20இல் மேயர் பதவியைத் தானே வைத்துக்கொண்ட திமுக, கும்பகோணத்தைக் கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கியது. 2011இல் இருந்ததுபோல மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2022இலும் இருந்திருந்தால், ஊர் முழுக்கச் செலவு செய்யக்கூடியவரைத்தான் எந்தக் கட்சியும் தேடியிருக்கும் என்று நினைக்கிறேன். மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் அவருக்குக் கதவைத் திறந்தது. அதே முறைதான், பெரும்பான்மை வேறு கட்சியிடம் இருக்கும் மன்றத்தை நடத்தும் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றியது. போதாக்குறைக்கு, நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. மன்றத்துக்குத் தலைமை வகித்து மேயர் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம். அது வேலையாக மாறுவதற்குப் பொறியாளரின் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் ஆணையரின் உத்தரவும் வர வேண்டும்.

இது கும்பகோணத்தோடு முடிகிற கதையல்ல. 2018 டிசம்பரில் கேரளாவின் திருச்சூர் மேயரான அஜிதா விஜயன், பதவிக்கு வந்த பிறகும் விடியற்காலையில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பால் கொடுத்துவந்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். அதை எளிமை என்று மட்டும் வியந்துவிட்டு நகர என்னால் முடியவில்லை. பீகாரின் கயாவில் பல பத்தாண்டுகள் துப்புரவுப் பணி செய்த சிந்தா தேவி, 2022இல் மக்களின் நேரடி வாக்கில் துணை மேயரானார். பதவியில் இருக்கும்போதே அவர் தெருவில் காய்கறி விற்க உட்கார்ந்தார். கூட்டங்களுக்குத் தன்னை அழைப்பதில்லை என்பதும், உரிய பணம் வருவதில்லை என்பதும் அவருடைய முறையீடு.

இத்தனைக்கும் இவர்கள் மன்றத்துக்குக் கொண்டுவரும் அறிவு கோப்புகளில் கிடைக்காதது. எந்தச் சந்தில் மழைநீர் முழங்கால் அளவு தேங்கும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய எந்தத் தெருவைச் சரியாக மூடாமல் விட்டார்கள், இரவில் எந்த வளைவில் விளக்கு எரியாது என்பதெல்லாம் 20 ஆண்டுகள் ஹேண்டில்பாரைப் பிடித்தவருக்கு மனப்பாடம். 2028இல் மகாமகம் வரவிருக்கும் ஊருக்கு இந்த அறிவு சாதாரணமானதல்ல.

ஆகவே, மதிப்பூதியத்தை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்த விதி வேண்டும். மாமன்ற இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் செய்துவிட்டோம். கூலி வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் உறுப்பினரிடம், மாதம் 10,000 ரூபாயில் வார்டையும் வீட்டையும் பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் இந்தத் தொகையைப் பற்றி நான் கேட்கப்போகிறேன், நீங்களும் கேளுங்கள்.