பி.எல். என்றால் போலி இல்லை நிபுணரே!

அந்த ரீலை நானும் பார்த்துத் தொலைத்தேன். கடைக்கு வந்த பெரியவர் பத்திரமாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ரேபான் ஏவியேட்டர் கூலிங் கிளாஸை நிபுணர் வாங்கி, லென்ஸை ஜூம் பண்ணி, "ஆர்.பி. இல்ல, மேட் இன் இத்தாலி இல்ல, டூப்ளிகேட்டு தாத்தா" என்று ஒரு சிரிப்பு. அதற்கு லைக் குவிகிறது.

ஐயா, ரேபான் இத்தாலிக்காரர் கைக்குப் போனதே 1999-இல்தான். 1937-இலிருந்து அதுவரை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்து பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனியின் சரக்கு. வானத்து வெயிலில் கண் கூசிய விமானிகளுக்காகப் பிறந்தது. இத்தாலியின் லக்ஸோட்டிக்கா கம்பெனி 64 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பிறகுதான் ரேபானைக் குறிக்கும் ஆர்.பி. பொறிப்பு லென்ஸில் வந்தது. அதற்கு முன் பி.எல்., அதாவது பாஷ் அண்ட் லோம்ப்! கீல் பக்கத்து லென்ஸ் ஓரத்தில் பொடி எழுத்தாக, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். இன்னும் பழையதில் அதுவும் இருக்காது. இரண்டு லென்ஸையும் இணைக்கும் பிரிட்ஜில் 'பி அண்ட் எல் ரேபான் யு.எஸ்.ஏ.' என்ற முத்திரை உங்கள் ரீலிலேயே ஒரு நொடி தெரிகிறது. பார்க்கத்தான் உங்களுக்கு நேரமில்லை.

"போலிக்காரனும் பி.எல். போடுவானே?" போடுவான். அதனால்தான் ஓர் எழுத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். முத்திரை, பொறிப்பு, கீல், லென்ஸ் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரேமில் 1/10 12கே ஜி.எஃப். (கோல்ட் ஃபில்டு) என்றிருந்தால் ஃப்ரேம் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு. வீடியோவை வைத்து ஒரிஜினல் என்று நானும் அடித்துச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன காரணம் தப்பு, அவ்வளவுதான். இன்றைய ரேபானே சிலது சீனாவில் தயாராகிறது. அதையும் குப்பையில் போடுவீர்களா?

"நீ கம்பெனி ஏஜென்ட்டா?" நல்ல கேள்வி. ரேபானின் இன்னொரு மாடலான வேஃபேரர் 1981-இல் 18,000 ஜோடிதான் விற்றது. சினிமாவில் காட்டுவதற்கென்றே காசு கொடுத்தார்கள், 1983-இல் 3,60,000. அந்த மோகத்துக்கு நான் வக்கீல் இல்லை. 1953-இல் வந்த ரேபானின் ஜி-15 லென்ஸுக்கு வேண்டுமானால் வக்காலத்து வாங்குவேன். 15 சதவீத வெளிச்சத்தை மட்டும் விடும், நிறம் கண்ணாடிக்குள்ளேயே கலந்தது, சுரண்டினாலும் உரியாது.

கமெண்டில் இன்னொரு மேதை: "லூசா இருந்தா ஸ்குரூவ நல்லா முறுக்குங்க." முறுக்குங்கள், கண்ணாடி ஓரம் சில்லு தெறிக்கும், அந்த பழைய லென்ஸ் இனி புதிதாகக் கிடைக்காது. மூக்குத் தாங்கியில் இருக்கும் பச்சையைக் காட்டி வேறு கிண்டல்! செம்பு கலந்த உலோகம் வியர்வை பட்டால் களிம்பு பூக்காதா? வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய டூத்பிரஷ். போதும்.

தெரியாதது குற்றமில்லை. பேரன் வயசுப் பையன் கேமரா முன்னால் சிரிக்கும்போது அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டாரே, அதைக் கட் பண்ணாமல் மியூசிக் போட்டீர்கள் பாருங்கள்!

அப்புறம் கடைசியில், "விட்டுட்டுப் போங்க தாத்தா, கடையில டிஸ்ப்ளேக்கு வெச்சுக்கறேன்" என்கிறீர்கள். டூப்ளிகேட்டை எதற்கு சார் டிஸ்ப்ளேயில் வைக்கிறீர்கள்?