அந்த கன்னைக் கீழே வையுங்கள்

டயர் கடைகளில் சக்கர நட்டை முறுக்கக் காற்றில் ஓடும் ஏர் கன் பிடிக்கிற எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்த நட்டை அடுத்து யார் கழற்றுவார், எங்கே நின்று கழற்றுவார், கையில் என்ன இருக்கும் என்று ஒரு நொடியாவது யோசித்தீர்களா? ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம், அடுத்த நட், மறுபடியும் ட்ர்ர்ர். சக்கரம் மாட்டியாச்சு, காசு வாங்கியாச்சு. அதற்கப்புறம் படுகிற பாடெல்லாம் வண்டிக்காரன் தலையில்.

என்னிடம் இருப்பது பழைய டாடா 407 சின்ன லாரி. 1986-இல் வந்த மாடல், இன்றைக்கும் ஊருக்கு ஊர் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. என் வண்டியில் சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நல்ல ஜாக்கி, உறுதியான ஸ்டாண்ட், ஸ்பேனர் செட், சுத்தியல் இருந்தால் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டலாம். அதற்குத் தோதாகத்தான் அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். இடையில் கை வைத்தவர்கள்தான் அதை முடியாத வேலையாக்கி வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கம் ஒரு பட்டை உடைந்துவிட்டது. கை நுழைய இடம் வேண்டுமென்றால் முதலில் இரட்டைச் சக்கரத்தையும் எடுக்க வேண்டும். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனருக்கு நட் அசையவில்லை. பைப் போட்டும் அசையவில்லை. அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் முழு எடையோடு நின்றால் ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். லாரி டயர் கடையில் தொங்குகிற ஒரு இன்ச் கன் 1,000 நியூட்டன் மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். பத்துச் சக்கர லாரிக்குப் பிடிக்கிற அதே கன்னை, அதே வேகத்தில், என் 407-க்கும் பிடிக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பைபாஸ் ஓரத்தில் பஞ்சராகி நிற்கிற டிரைவர் அந்த நட்டை எதை வைத்துத் திருப்புவார்?

கேட்டால், "டைட்டாக இருந்தால்தானே அண்ணா சேஃப்டி" என்கிறார்கள். இல்லை தம்பி, இல்லவே இல்லை. நட்டை முறுக்கும்போது அது ஏறுகிற போல்ட், அதாவது ஸ்டட், துளி நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுப்புதான் சக்கர டிஸ்க்கை, அது உட்காருகிற ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், பிடிமானம் குறையும், மரை இழுபடும், டிஸ்க் ஓட்டையும் கெடும். அப்புறம் ஒருநாள் ஓட்டத்திலோ, கழற்றும்போதோ பட்டென்று முறியும். எனக்குக் கழற்றும்போது முறிந்தது. பின் சக்கரத்தில் ஒரு ஸ்டட் போனால் என்ன வேலை தெரியுமா? ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி, ஹப்பை இறக்கி, முறிந்ததை அடித்து வெளியே தள்ளி, புதியதை ஏற்றி, ஆயில் சீலையும் மாற்றி, பேரிங்கை மறுபடி செட் பண்ண வேண்டும். பட்டை மாற்ற உட்கார்ந்தவன் ஹப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் தனி ரகம். "காஸ் வைத்துச் சூடு காட்டுங்க, வந்துரும்." டயர் மாட்டியிருக்கிற டிஸ்க்கில் நெருப்பு காட்டச் சொல்கிறார்கள்! உள்ளே ரப்பர் வெந்து வாயு சேர்ந்தால் டயர் குண்டு மாதிரி வெடிக்கும். அதிலும் இந்த வண்டிக்கு, டயரைப் பிடித்து நிறுத்த இரும்பு ரிங் போட்ட டிஸ்க். காற்று இருக்கும்போது அந்த ரிங் கழன்று பறந்தால் எதிரில் இருப்பவர் உயிர் தப்பாது. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்காமல் அதன் பக்கமே போகக் கூடாது. இதைக்கூடச் சொல்லித்தராமல் சின்னப் பையன்களைச் சக்கரத்துக்கு முன்னால் உட்காரவைக்கிற கடைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, சக்கரம் வந்தது. உள்ளே பார்த்தால் அடுத்த கொடுமை. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்காகச் சேசிஸ் முழுக்க கறுப்பு பெயிண்ட் அடிப்பார்கள். கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் மேலேயும் பெயிண்ட், பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் மரை மேலேயும் பெயிண்ட். நிப்பிள் அடைத்துப்போனால் பட்டையின் நுனியைப் பிடிக்கிற சாக்கிள் பின்னுக்கு கிரீஸ் எப்படிப் போகும்? புஷ் தேய்ந்து, சாக்கிள் பின் துருவேறி, ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு கிடக்கிறது. வெளியே மட்டும் பளபளப்பு.

அதைவிட, முன்பு யாரோ ஒரு மகராசன் மெயின் பட்டையில் விட்டிருந்த விரிசலுக்கு வெல்டிங் வைத்திருக்கிறார். பட்டை என்பது பதம் ஏற்றிய எஃகு. சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடாக்கி அந்தப் பதத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் வெல்டிங் ராடு பட்டால் அந்த இடத்தில் பதம் போச்சு. வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும், இங்கே அப்படியேதான் உடைந்திருக்கிறது. யூ போல்ட் நட் கழலாமல் இருக்க அதற்கும் ஒரு வெல்டிங் பொட்டு வைத்திருக்கிறார்கள். புது யூ போல்ட் போட்டால் கொஞ்சம் ஓடியபின், லோடு ஏறி இறங்கியபின், மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது பிடி தளரும். தளர்ந்தபடியே ஓடினால் பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் வெட்டிப்போகும், அந்த ஓட்டையிலேயே பட்டை உடையும். பொட்டு வைத்த நட்டை எப்படி முறுக்குவது?

போதாததற்கு ஓவர்லோடு அடிக்க எக்ஸ்ட்ரா பட்டை ஒன்று சொருகியிருக்கிறார்கள். பட்டைக் கட்டின் உயரம் கூடிவிட்டது, யூ போல்ட் பழைய நீளம். நட்டுக்குள் மரை முழுசாக ஏறவில்லை. இத்தனை நாள் டன் கணக்கில் பாரம் தொங்கியது அந்த அரைகுறை மரையில்!

இதையெல்லாம் சொன்னால், "எதுக்கு வீட்டில் வைத்து மல்லுக்கட்டுறீங்க, பட்டறையில் விட வேண்டியதுதானே" என்கிறார்கள். பட்டறையில் விட்டதால்தானே ஐயா இந்த நிலைமை! சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து சாமான் வாங்கிவந்து, மண்ணில் படுத்து வேலை பார்க்கிறேன் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. செய்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

டயர் கடைக்காரர்களே, கன்னால் நட்டை உட்காரவைப்பதோடு நிறுத்துங்கள். மீதியை எதிரெதிர் நட்டாகப் பார்த்து, முறுக்கு அளவு காட்டுகிற டார்க் ரெஞ்சால், அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். அம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை வந்து செக் பண்ணச் சொல்லி அனுப்புங்கள். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தில் இருக்கிற துருவைச் சுரண்டுங்கள். இடது பக்கம் எதிர் மரை உள்ள பழைய வண்டிகள் இன்னும் இருக்கின்றன, கன்னைப் பிடிக்குமுன் குனிந்து மரையைப் பாருங்கள். நேரமாகும் என்றால் கூடக் காசு கேளுங்கள், தருகிறேன். இனி என் வண்டியில் கடைசி முறுக்கு கையால்தான். முடியாது என்கிற கடையில் சக்கரத்தை இறக்கவே மாட்டேன்.