ஒத்திகைக் கதவைத் திறந்து வையுங்கள்

உள்ளூர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா எதுவானாலும் சரி, அதன் சீசன் கையேட்டை எடுத்துப் பாருங்கள். அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முன்பக்கங்களில் கச்சேரிகள். நான்கோ ஐந்தோ தேதிகள். ஒவ்வொன்றிலும் முதலில் சின்னதாக ஓவர்ச்சர் என்ற தொடக்க இசை, அப்புறம் வெளியிலிருந்து வரும் தனிக் கலைஞரோடு ஒரு கன்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் பல பகுதிகள் கொண்ட ஒரு முழு சிம்பொனி. நடுவில் விடுமுறைக் காலத்துக்கென்று லேசான நிகழ்ச்சி ஒன்று. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சமூகப் பணிகள்': பள்ளிகளுக்குப் போனோம், முதியோர் இல்லத்தில் வாசித்தோம், குழந்தைகளுக்கு வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தோம். கூடவே ஒரு புகைப்படம், தன்னைவிட நீளமான ட்ராம்போனைப் பிடித்தபடி சிரிக்கும் ஒரு சிறுமி.

இந்தப் பின்பக்கத்தின் மேல் எனக்கு நீண்ட நாள் மனத்தாங்கல். அந்த வேலைகளைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்குப் போய் வாசிப்பது நல்லதுதான், நடக்க முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு இசையைக் கொண்டுபோவது அதைவிட நல்லது. ஆனால் முன்பக்கம் கலை, பின்பக்கம் தர்மம் என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. ஊருக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கொடுக்கக்கூடிய பெரிய விஷயம் அதன் ஒத்திகை என்பது என் கட்சி. அதைத்தான் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருக்கிறோம்.

'இருக்கிறோம்' என்று சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு. நான் வாசிப்பவன் இல்லை, தன்னார்வலன். நாற்காலி போடுவேன், ஸ்டாண்ட் விரிப்பேன், டிம்பனி என்ற பெரிய முரசை மாடிப்படியில் ஏற்றும்போது ஒரு பக்கம் பிடிப்பேன். அதற்குக் கூலியாகச் சீசன் முழுக்க ஒத்திகைகளை ஓரத்தில் உட்கார்ந்து கேட்கக் கிடைக்கிறது. கச்சேரி இரவில் டிக்கெட் வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நமக்குக் கிடைத்ததில் பாதிகூட இவர்களுக்குக் கிடைக்கப் போவதில்லையே என்றுதான் தோன்றும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து' என்று பெயர் பெற்றது. 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ரொம்பப் பிடித்தமானது. கூட்டமும் வரும், வாசிக்கவும் முடியும். அதன் இரண்டாம் பகுதியில் கோர் ஆங்லே என்ற ஊதுகுழல் வாசிக்கும் மெட்டை, சிம்பொனி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட எங்கேயாவது கேட்டிருப்பார்கள். அந்த மெட்டு வருவதற்கு முன் ஊதுவாத்தியங்கள் சேர்ந்து மெதுவாகச் சில கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, எடுத்து வைக்கும். அரை நிமிடம்தான். கச்சேரியில் நாம் அடுத்து வரப்போகும் மெட்டுக்காகக் காத்திருப்பதால் அந்த அரை நிமிடம் காதில் விழுந்தும் விழாமல் போய்விடும்.

ஒத்திகையில் அந்த அரை நிமிடத்துக்கு இருபது நிமிடம் போகும். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் முதல் கார்டிலேயே நிறுத்துவார். அடிச்சுரம் வாசிப்பவர்கள் மட்டும் என்பார். அது நிலைத்த பிறகு ஐந்தாம் சுரம் சேரும். அதுவும் அசையாமல் நின்ற பிறகுதான் நடுச்சுரம். மேஜர் கார்டில் அந்த நடுச்சுரத்தைப் பியானோவில் இருக்கும் அளவைவிட ஒரு மயிரிழை தாழ்த்தி ஊத வேண்டும், அப்போதுதான் கார்டு அடங்கி உட்காரும். ஊதுபவர் உதட்டை லேசாகத் தளர்த்துவார். சட்டென்று அறையே மாறும். அதுவரை தனித்தனியாகக் கேட்ட குழல்கள் ஒரே வாத்தியம்போல ஒலிக்கும். இதை ஒருமுறை பக்கத்தில் இருந்து கேட்டவருக்கு அந்த அரை நிமிடம் பிறகு எந்தப் பதிவிலும் தப்பாது. எந்த விரிவுரையும், கையேட்டில் அச்சடிக்கும் எந்தக் குறிப்பும் இதைச் செய்ததாக நான் பார்த்ததில்லை.

அதே சிம்பொனியில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாசிப்பவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, அதுவும் சில சுரங்கள்தான். சிம்பல் என்ற தாளத்தட்டு கடைசிப் பகுதியில் ஒரே ஒரு முறை, அதுவும் மெலிதாக. கச்சேரியில் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையான தகவல். ஒத்திகையில் பார்த்தால்தான் அந்த ஒரு முறைக்காக வந்து, எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மனிதர் தெரிவார். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ட்ராம்போன்காரர்கள் மூன்று பகுதிகள் சும்மா இருந்துவிட்டு நான்காம் பகுதியில்தான் நுழைவார்கள். கச்சேரியில் கண்ணியமாகக் கைகட்டி இருப்பவர்கள், ஒத்திகையில் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதை இங்கே எழுதினால் என்னை அடுத்த வாரம் உள்ளே விட மாட்டார்கள்.

வயலின்காரர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். மேடையின் உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும், அந்த ஒரு விநாடி அவர் வாசிக்க முடியாது. வில் எங்கே மேலே போகும், எங்கே கீழே வரும் என்பதை முதல் வயலின் தலைவர் முடிவு செய்வார். அது பின்வரிசைவரை பென்சிலில் குறிக்கப்பட்டுப் போய்ச்சேரும். பாதி வழியில் யாராவது தப்பாகக் குறித்திருப்பார்கள். இருபது பேர் ஒன்றாக வாசிப்பது என்பது இப்படிப்பட்ட பென்சில் குறிகளின் மேல் நிற்கும் விஷயம். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லும்போது, பல வருடம் கேட்டுப் பழகிய பாட்டுக்குள் இப்படி ஒரு வரி ஓடுகிறதா என்று ஆச்சரியமாக இருக்கும். பாவம், வயோலாக்காரர்களைக் கிண்டல் செய்தே உலகம் பழகிவிட்டது.

'தப்பு வாசிப்பதை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்?' என்பதுதான் வழக்கமான எதிர்ப்பு. எனக்கு அந்தக் கூச்சம் புரிகிறது. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வாத்தியப் பெட்டியோடு ஓடி வருபவர்கள் இவர்கள். பழகாத பக்கத்தில் தடுமாறுவதை யாரோ மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் பிடிக்காதுதான். ஆனால் இந்தக் கூச்சத்தின் வேர் வேறு எங்கோ இருக்கிறது. வெட்டி ஒட்டித் திருத்திய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, இசை என்றாலே பிசிறில்லாமல்தான் இருக்க வேண்டும் என்று வாசிப்பவர்களும் கேட்பவர்களும் நம்பத் தொடங்கிவிட்டோம்.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பீத்தோவனின் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகள் இரண்டும் ஒரே இரவில் முதன்முதலாக அரங்கேறின. கூடவே நான்காம் பியானோ கன்செர்ட்டோ, பாடகர் குழுவும் சேரும் கோரல் ஃபேண்டசி, இன்னும் சில. நான்கு மணி நேரத்துக்கு நீண்ட நிகழ்ச்சி, குளிர்ந்து கிடந்த அரங்கு, போதாத ஒத்திகை. கோரல் ஃபேண்டசி நடுவிலேயே குலைந்து, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் இசை, முதல் நாளில் நம்மூர் மூன்றாவது ஒத்திகையைவிட மோசமாக ஒலித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கேட்பவர்களின் பயமும் இதே ரகம்தான். எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பகுதிகளுக்கு நடுவில் யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் நாலு பேர் திரும்பி முறைப்பார்கள். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி வாசிக்கப்பட்டபோது, முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டியது என்று மோட்சார்ட் தன் அப்பாவுக்குப் பெருமையாக எழுதினார். மக்களுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் அந்த இடத்தை எழுதியிருந்தாராம். முறைக்கும் பழக்கம் அவருக்கு வெகு பின்னால் வந்தது. ஒத்திகையில் இந்தப் பிரச்சினையே கிடையாது. இருமலாம், எழுந்து போகலாம், குழந்தை அழுதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அதே நேரத்தில் ட்ரம்பெட்டும் ஏறக்குறைய அதே சுருதியில்தான் இருக்கும்.

புது ஆட்களை வரவழைக்கிறோம் என்று சொல்லி, சினிமா இசை மாலை ஒன்றைச் சீசனில் சேர்ப்பார்கள். அரங்கு நிறையும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு வந்தவர்கள் அடுத்த மாதம் பிராம்ஸின் சிம்பொனிக்கு வருவார்கள் என்ற கணக்கை நான் நம்பவில்லை. வாசலில் நின்று முகங்களைப் பார்ப்பவன் சொல்கிறேன். தெரிந்த பாட்டைக் கேட்க வந்தவர் தெரிந்த பாட்டைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். தெரியாத ஒன்றின் மேல் ஆசை வர வேண்டுமென்றால் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். அமெரிக்கக் கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டீன் 1958 முதல் 1972 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சிகளில் இதைத்தான் செய்தார். ஒரு துண்டை வாசிக்கச் சொல்வார், நிறுத்துவார், ஏன் அது அப்படி இருக்கிறது என்று பேசுவார், மறுபடி வாசிக்கச் சொல்வார். கிட்டத்தட்ட ஒத்திகையேதான், அழகாக உடுத்திய ஒத்திகை.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பல 'திறந்த ஒத்திகை' நடத்துகின்றன. ஆனால் பெரும்பாலும் அது கச்சேரிக்கு முந்தைய கடைசி ஒத்திகை. எல்லாம் முடிந்துபோன நிலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். டிக்கெட்டும் உண்டு. நான் கேட்பது அதுவல்ல. இரண்டாவது, மூன்றாவது ஒத்திகை, அதாவது வேலை பாதியில் இருக்கும் கட்டம். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார வைத்தாலும் பயனில்லை. செல்லோக்களுக்குப் பக்கத்தில், ஹார்ன்களுக்குப் பின்னால், டிம்பனி அதிர்வு முதுகில் படும் தூரத்தில் பத்திருபது நாற்காலி போட வேண்டும். நாற்காலி போடும் வேலை எனக்கு, யாரும் கவலைப்பட வேண்டாம். தொடங்கும்போது கண்டக்டர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். இடைவேளையில் வாசிப்பவரிடம் நேராகக் கேட்கலாம், 'அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?' என்று. ஓபோ என்ற குழலின் வாயில் வைக்கும் நாணல் சில்லான ரீடைச் செதுக்குவது பற்றி ஒரு ஓபோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இடைவேளை போதாது.

டிக்கெட் வருமானம் குறையும் என்பார்கள். டிக்கெட் பணத்தில் மட்டும் எந்த உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ராவும் ஓடுவதாக எனக்குத் தெரியவில்லை. அரங்க வாடகை, கண்டக்டர் சம்பளம், தனிக் கலைஞருக்கு ஒரு தொகை, காப்புரிமை உள்ள இசையென்றால் தாள்களுக்கு வாடகை, காலியாக இருக்கும் இடங்களுக்குக் கூலிக்கு வரும் வாத்தியக்காரர்கள். இதையெல்லாம் உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் மானியமும்தான் தாங்குகின்றன. அந்தக் காலி இடங்கள்தான் இன்னும் பெரிய தலைவலி. பஸ்ஸூன், ஓபோ, வயோலா, ஹார்ன்: இவற்றை வாசிப்பவர்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கையேட்டில் விளம்பரம் போட்டு யாரும் வருவதில்லை. சின்ன வயதில் கற்றுக்கொண்டு, வேலை, கல்யாணம் என்று விட்டுவிட்டு, பெட்டியைப் பரணில் போட்டிருக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. கச்சேரியில் உட்கார்ந்தால் அவர்களுக்கு 'நம்மால் இது முடியாது' என்று தோன்றும். ஒத்திகையில் உட்கார்ந்தால் 'அட, இவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள்' என்று தெரியும். எங்கள் இரண்டாம் வயலின் வரிசையில் ஒருவர் இப்படித்தான் வந்தார், யாரையோ அழைத்துப் போக வந்து வாசலில் நின்றவர்.

ஊரார் சேர்ந்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவது புதிதும் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக்கில் 1743இல் 16 பேர் பணம் போட, 16 வாத்தியக்காரர்களோடு ஒரு கச்சேரிச் சங்கம் தொடங்கியது. இன்றைய கேவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் வேர் அதுதான். காங்கோவின் கின்ஷாசாவில் 1994இல் அர்மான் டியாங்கியெண்டா தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஆரம்ப நாட்களில் வாத்தியங்களே போதாமல், ஒரு வயலினைப் பலர் முறைவைத்து வாசித்தார்கள். நரம்பு அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டிச் சமாளித்தார்கள். முறைவைத்து வாசிக்கும்போது மீதிப் பேர் என்ன செய்திருப்பார்கள்? உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

வரும் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன். சீசனுக்கு ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதன் மூன்றாவது ஒத்திகையை மட்டும் திறந்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் கேட்கப் போகிறேன். பள்ளிக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம், அதே பிள்ளைகளை அடுத்த வாரம் ஒத்திகைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தால் போதும். யார் எதிர்ப்பார்கள் என்பதும் தெரியும். ஹார்ன்காரர்கள். அவர்கள் வாத்தியத்தில் உதடு ஒரு துளி பிசகினாலும் கூடமே திரும்பிப் பார்க்கும், அதனால் அவர்கள் பயம் நியாயமானதுதான். கூட்டத்துக்கு முன்னாலேயே அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.