ஆழ்ந்த கவலையும் காலி நாற்காலியும்

சில வருடங்களுக்கு முன் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சிலர் ஒரு வெளிநாட்டுத் தூதுவரைச் சந்தித்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று மாமி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு பொலித்தீன் பைக்குள் லெமினேட் செய்த மகனின் படம், மகஜரின் ஏழு பிரதிகள், ஒரு தண்ணீர்ப் போத்தல்.

தூதுவர் நல்ல மனிதர். இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார், குறிப்பெடுத்தார், 'ஆழ்ந்த கவலை' என்று இரண்டு தடவை சொன்னார். மறுநாள் பத்திரிகையில் அவருடைய படம் வந்தது. சீருடை அணிந்த அதிகாரி ஒருவரிடம் நினைவுச்சின்னம் வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சந்திப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களோட கவலைப்பட்டார், அவையோட சாப்பிட்டார்."

எங்கேயாவது இராணுவம் ஆட்சியைப் பிடித்து, தூதரகங்கள் அறிக்கை விடத் தொடங்கியதும் எனக்கு மாமியின் இந்த வசனம்தான் ஞாபகம் வரும்.

மியன்மாரை எடுங்கள். 2021 பெப்ரவரி 1ஆம் தேதி சதிப்புரட்சி. லண்டனிலிருந்த மியன்மார் தூதுவர் கியாவ் ஸ்வார் மின், இராணுவம் பிடித்து வைத்த தலைவி ஆங் சான் சூகியை விடுவிக்கச் சொல்லிப் பேசினார். ஏப்ரல் 7ஆம் தேதி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் தூதரகக் கதவு உள்ளே பூட்டிக் கிடக்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களே இராணுவத்தின் சொல்கேட்டுச் செய்த வேலை. மனிதர் அன்றிரவு தூதரக வாசலில் காருக்குள் படுத்தார். பிரிட்டன் வன்மையாகக் கண்டித்தது. கண்டித்துவிட்டு, 'அவருடைய பதவி முடிந்துவிட்டது என்று அவருடைய நாடு அறிவித்தால் நாங்கள் ஏற்கத்தான் வேண்டும்' என்று ஏற்றுக்கொண்டது. கண்டனம் இவருக்கு, கட்டிடம் அவர்களுக்கு.

நியூயோர்க்கில் நடந்தது வேறு. ஐ.நா.வுக்கான மியன்மார் தூதுவர் கியாவ் மோ துன், பெப்ரவரி 26இல் பொதுச்சபையில் இராணுவத்துக்கு எதிராகப் பேசி முடித்து, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த நாளே வேலை போய்விட்டதாக இராணுவம் அறிவித்தது. ஆனால் ஐ.நா. அவருடைய நாற்காலியை இராணுவத்திடம் தூக்கிக் கொடுக்கவில்லை. யாருடைய நியமனம் செல்லும் என்ற முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. வீரம் ஒன்றும் கிடையாது, சுத்தமான இழுத்தடிப்பு. இருந்தாலும் எத்தனையோ கண்டன அறிக்கைகளைவிட இந்த இழுத்தடிப்புத்தான் ஜெனரல்களைக் குடைந்தது.

இராணுவ ஆட்சிக்காரர்கள் திட்டுக்குப் பயப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போவதற்குத்தான் பயப்படுகிறார்கள். 2021 மார்ச் 27, மியன்மாரின் ஆயுதப்படை தினம். தலைநகர் நேப்பிடோவில் அணிவகுப்பு. அன்று ஒரே நாளில் நாடெங்கும் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த விழாவுக்கு எட்டு நாடுகள் ஆள் அனுப்பின. ரஷ்யா பிரதிப் பாதுகாப்பு அமைச்சரையே அனுப்பியது. சீனா, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. மற்ற விடயங்களில் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அந்த ஒக்டோபரில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உச்சி மாநாட்டுக்கு மியன்மார் இராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங்கை அழைக்கவில்லை. அரசியல் சாராத ஒருவரை அனுப்புங்கள் என்றார்கள். அது இணையவழிக் கூட்டம். நாற்காலிகூடக் கிடையாது, திரையில் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்துக்காக நேப்பிடோ கொதித்து, கடைசியில் யாரையுமே அனுப்பவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் மேற்கு நாடுகளுக்கு நான் சான்றிதழ் கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஜூலை 26இல் மேற்கு ஆபிரிக்க நாடான நைஜரில் இராணுவம் ஜனாதிபதி பசூமைச் சிறைவைத்தது. ஒரு மாதம் கழித்து பிரெஞ்சுத் தூதுவர் சில்வான் இத்தேக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. காரணம் சொல்லாமலே ஒரு தூதுவரை வெளியேறச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு, 1961 வியன்னா உடன்படிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. பாரிஸ் கேட்டது வேறு: உங்களை யார் அரசு என்றது? தூதுவர் அசையவில்லை. வெளியே காவல். உள்ளே அவர் இராணுவ உணவுப் பொதியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பணயக்கைதி மாதிரி என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனே சொன்னார். செப்டெம்பர் கடைசியில் தூதுவர் கிளம்பினார், டிசம்பருக்குள் சுமார் 1,500 பிரெஞ்சுப் படையினரும் கிளம்பினார்கள்.

கொள்கைப் பிடிப்பு என்று கைதட்டலாம். ஆனால் அதே மக்ரோன் 2021 ஏப்ரலில் சாட் நாட்டில் என்ன செய்தார்? ஜனாதிபதி டெபி இறந்ததும் அரசியலமைப்பை ஓரமாக வைத்துவிட்டு மகன் ஒரு இராணுவச் சபையோடு ஆட்சியில் ஏறினார். இறுதிச் சடங்கில் மக்ரோன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சாட்டில் நாற்காலி, நைஜரில் கொள்கை. நைஜர் தெருக்களில் பிரான்ஸுக்கு எதிராகக் கூட்டம் திரண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தூதுவர்கள் போய்விட்டால் பேசுவதற்கு வழியே இல்லாமல் போகுமே என்று கேட்பீர்கள். சரி, போகச் சொல்லவில்லை. பிரிட்டன் மியன்மாரில் தன் தூதுவர் பதவியைத் தரம் குறைத்து, பொறுப்பதிகாரி மட்டத்தில் ஒருவரை வைக்கப் பார்த்தது. இராணுவம் சம்மதிக்காமல் 2022இல் அவரை வெளியேற்றியது. ஒரு பட்டம் குறைந்ததற்கே அவ்வளவு கோபம்.

நம்முடைய கதைக்கு வருவோம். (சதிப்புரட்சி எல்லாம் ஆபிரிக்காவில்தான் என்பவர்களுக்கு: 1962 ஜனவரியில் கொழும்பிலும் ஒன்றுக்கு முயன்றார்கள். அதில் கடற்படையின் முன்னாள் தளபதியும் மாட்டினார்.) 2021 மார்ச்சில், மியன்மார் தெருக்களில் இரத்தம் காயுமுன்னே, இராணுவம் நியமித்த வெளியுறவு அமைச்சருக்குக் கொழும்பு, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியது. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தத்தளித்தது. மியன்மாரின் ரோகிங்கியா முஸ்லிம்கள் நூறு பேருக்கு மேல், நிறையக் குழந்தைகள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது எங்கள் திருகோணமலையில். ஜெனரலின் ஆளுக்குக் கடிதம் போட்டு அழைப்பு, அவர்களிடமிருந்து தப்பி வந்த சனத்துக்கு முகாம்.

அடுத்த மாதம் இன்னொரு தூதுவர் வருகிறாராம். மாமி மகஜரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பழையதையே தேதி மாற்றித் தரலாம் என்று பார்த்தேன், விடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமாம்: "இந்த முறை நீங்கள் வேறு யார் வீட்டில் சாப்பிடுவீர்கள்?" அதை மரியாதை குறையாமல் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.